உத்தரவாதம் முடிந்தது, விளக்கும் அணைந்தது!

இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டார் அறிய வேண்டிய ஒரு கணக்கு

நீடாமங்கலத்தில் ஒரு வீடு. ஐப்பசி மாதம். இரவு எட்டரை மணி. வெளியே மழை கொட்டுகிறது.

சட்டென்று கரண்ட் போகிறது. ஆனால் வீட்டில் யாரும் பதறவில்லை. கூடத்து மூலையில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே! விளக்கு எரிகிறது. மின்விசிறி சுற்றுகிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் தலை நிமிராமல் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறாள்.

பத்து நிமிஷம் ஆகிறது. "கீச்... கீச்..." என்று ஒரு சத்தம். பல்லி அல்ல, இன்வெர்ட்டர்தான். அடுத்த நிமிஷம் வீடெல்லாம் இருட்டு.

"ஏங்க, இந்தப் பாட்டரி வாங்கி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்கிறாள் மனைவி.

கணவர் டார்ச் விளக்கை எடுத்துக் கொண்டு பீரோவைக் குடைகிறார். வாரண்டி கார்டு அகப்படுகிறது. 36 மாத உத்தரவாதம். அது முடிந்து சரியாக 19 நாள்!

மறுநாள் கடைக்குப் போகிறார். கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"அண்ணே, இலவசமா மாத்திக் கொடுக்கற காலம் முடிஞ்சு போச்சே! போன மாசமே வந்திருக்கக் கூடாதா?"

வீட்டுக்குத் திரும்பி வந்து சொன்னதும் திண்ணையில் இருந்த பாட்டி கேட்கிறாள்: "ஏம்பா, மனுஷனுக்கே சாகிற தேதி தெரியாது. இந்தப் பெட்டிக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

இந்த வீடு நாம் எண்ணிப் பார்த்த வீடுதான். ஆனால் இதைப் படிக்கும்போதே, "அட, இது நம் வீட்டுக் கதையல்லவா!" என்று பலர் நினைப்பார்கள். மன்னார்குடியானாலும் சரி, திருவாரூரானாலும் சரி, கும்பகோணமானாலும் சரி, இந்தப் பேச்சைக் கேட்காத தெரு இராது.

பாட்டி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் உண்டு. அந்தப் பதிலைத் தெரிந்து கொண்டால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும்.

இது வந்த கதை

ஒரு காலத்தில் இன்வெர்ட்டர் என்பது டாக்டர் வீட்டிலும் பெரிய கடைகளிலும் மட்டுமே இருந்தது. மற்ற வீடுகளில் அரிக்கேன் விளக்கும் மெழுகுவத்தியும்தான்.

2008-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மின்சாரப் பற்றாக்குறை கடுமையாயிற்று. 2012-ம் ஆண்டில் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட மின்வெட்டு இருந்தது. குழந்தைகள் கொசுக்கடியில் தூங்காமல் அழுதன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் தவித்தார்கள். அப்போதுதான் நகையை அடகு வைத்தாவது ஒரு இன்வெர்ட்டர் வாங்கிவிட வேண்டும் என்று நடுத்தரக் குடும்பங்கள் கிளம்பின.

பிறகு நிலைமை சீர்பட்டது. ஆனால் டெல்டா மக்களுக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலை. 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னையும் வாழையும் சாய்ந்தன. ஏறக்குறைய ஒரு லட்சம் மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக் கணக்கில் ஆயிற்று.

அன்று இரவு இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் விளக்கு எரிந்தது. மறுநாள் அது தீர்ந்தது. அதன் பிறகு பாட்டரிகள் காலியாகவே கிடந்தன. மின்சாரம் வந்தபோது, "சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறதே!" என்ற புலம்பல் எழுந்தது.

ஏன் ஏறவில்லை? அதைப் புரிந்து கொள்ளப் பெட்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வீட்டில் இருப்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு பொருள். சுவரோரம் இருக்கும் சிறு பெட்டி இன்வெர்ட்டர். பக்கத்தில் கனமாக உட்கார்ந்திருப்பது பாட்டரி. பாட்டரி களஞ்சியம், இன்வெர்ட்டர் அதிலிருந்து அளந்து கொடுக்கும் கணக்குப்பிள்ளை.

பாட்டரிக்குள் ஈயத் தகடுகள் இருக்கின்றன. கந்தக அமிலம் கலந்த தண்ணீர் இருக்கிறது. 1859-ம் ஆண்டு பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த ஏற்பாடு இது. நூற்றாறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பெரும்பாலான வீடுகளில் ஓடிக் கொண்டிருப்பது அதே தத்துவம்தான்.

பாட்டரி மின்சாரம் கொடுக்கும்போது ஈயத் தகட்டின் மேல் வெள்ளையாக ஒரு உப்புப் படிகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்த உப்புக் கரைந்து விடுகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால்தான் கரையும். நாள் கணக்கில், வாரக் கணக்கில் காலியாக விட்டு விட்டால் உப்பு இறுகி விடும். பிறகு கரையாது.

கடலோரத்து விவசாயிக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நிலத்தில் உப்புப் பூத்து விட்டால் எத்தனை தண்ணீர் கட்டினாலும் நாற்று வேர் பிடிக்காது அல்லவா? பாட்டரித் தகட்டில் உப்புப் பூத்தாலும் அதே கதிதான். கஜா புயலில் பல பாட்டரிகள் அடிபட்டுச் சாகவில்லை; பட்டினி கிடந்து செத்தன.

பட்டினி ஒரு எதிரி. வேறு எதிரிகளும் உண்டு.

ஒன்று, தண்ணீர் குறைவது. சார்ஜ் ஏறும்போது தண்ணீர் சிறுகச் சிறுகக் குறையும். தகடு வெளியே தெரியும் அளவுக்குக் குறைந்தால் அந்தப் பாகம் கெட்டு விடும்.

இரண்டு, வெப்பம். வெப்பம் சுமார் 10 டிகிரி கூடினால் பாட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் சொல்லும் கணக்கு. சமையலறைச் சுவரோரமும், மாடிப்படிக்குக் கீழே காற்றுப் போகாத பொந்தும், மேற்கு வெயில் அடிக்கும் மூலையும் பாட்டரிக்கு ஆகாது.

மூன்று, அளவுக்கு மீறிய சுமை. இதற்கு ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி என்றால் அதில் உள்ள மொத்தச் சரக்கு 1,800 வாட்-மணி. அதில் பாதியோடு நிறுத்திக் கொண்டால் பாட்டரி நீண்ட நாள் வாழும். பாதி என்றால் 900. வழியில் இன்வெர்ட்டரில் கொஞ்சம் சேதாரம் போனால் கைக்கு வருவது சுமார் 720. மூன்று சாதாரண மின்விசிறிகளும் ஐந்து எல்.இ.டி. விளக்குகளும் ஓடினால் ஏறக்குறைய 270 வாட் ஆகும். 720-ஐ 270-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான்!

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? மின்விசிறியோடு டெலிவிஷன், மிக்ஸி, குளிர்பெட்டி என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுகிறோம். ஒற்றை மாட்டை இரட்டை மாட்டு வண்டியில் பூட்டினால் எத்தனை நாள் இழுக்கும்?

கம்பெனியின் கணக்கு

"எல்லாம் நம் குற்றம்தானா? விற்றவன் மேல் குற்றமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதையும் பார்ப்போம்.

உத்தரவாதம் என்பது, "இத்தனை நாள் உழைக்கும்" என்ற ஆசீர்வாதம் அல்ல. அது ஒரு வியாபாரக் கணக்கு. நூறு பாட்டரி விற்றால் எந்த மாதத்தில் எத்தனை பாட்டரி கெட்டுத் திரும்பி வரும் என்பது தயாரிப்பவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். முதல் சில மாதங்களில் சில கெடும். அவை தயாரிப்பிலேயே கோளாறானவை. பிறகு வெகு நாள் அமைதி. அப்புறம் முதுமை வருகிறது. ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். அந்த முதுமை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே உத்தரவாதக் கோட்டைப் போட்டு விட்டால் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை.

ஆகவே உத்தரவாதம் முடிந்ததும் பாட்டரி கெடுவதற்குப் பெட்டிக்குள் கடிகாரம் இருக்க வேண்டியதில்லை. கெடப் போகும் காலத்தைப் பார்த்துத்தான் உத்தரவாதமே எழுதப்படுகிறது. பாட்டியின் கேள்விக்கு முதல் பதில் இதுதான்.

அப்படியானால் வேண்டுமென்றே ஆயுளைக் குறைத்துச் செய்வது உலகத்தில் நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது!

1924-ம் ஆண்டு. ஜெர்மனியின் ஓஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ் உள்ளிட்ட உலகத்துப் பெரிய பல்பு கம்பெனிகள் ஸ்விட்சர்லாந்தில் உள்ள ஜெனீவாவில் கூடி ஒரு கூட்டு அமைத்தன. 'ஃபீபஸ்' என்பது அதன் பெயர். அதுவரை 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்த பல்புகளை 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியாதபடி செய்வது என்று முடிவாயிற்று. யாருடைய பல்பு அதிக நேரம் எரிந்ததோ அவருக்கு அபராதம்! இரண்டாம் உலகப் போர் வந்தபோதுதான் இந்தக் கூட்டுக் கலைந்தது.

நம் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. பழைய பாட்டரி உள்ள ஐபோன்களை ஒரு மென்பொருள் மாற்றம் மெதுவாக்கியதையும், அதை வாங்கியவர்களுக்குச் சொல்லாததையும் காரணம் காட்டி, 2020-ம் ஆண்டு பிரான்ஸ் அரசு ஆப்பிள் கம்பெனிக்கு 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. போன் திடீரென்று அணைந்து போகாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றது கம்பெனி. அதே பிரான்சில், பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பது 2015-ம் ஆண்டு முதல் குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை உண்டு.

இந்தியாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆனால் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசு 2022-ம் ஆண்டு ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையத்தளமும் தொடங்கப்பட்டது. நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு இது மிகவும் வேண்டிய உரிமை. அதன் உள்ளே எறும்பு புகுந்தாலும், பல்லி விழுந்தாலும், "போர்டையே மாற்ற வேண்டும்" என்ற ஒரே பதில்தானே வருகிறது!

எனவே, எல்லாக் கம்பெனியும் சூழ்ச்சி செய்கிறது என்று சொல்லி விட முடியாது. சூழ்ச்சியே கிடையாது என்று கண்ணை மூடிக் கொள்ளவும் வேண்டாம். கணக்கு என்பது மட்டும் நிச்சயம்.

செத்த தேதி வேறு. பார்த்த தேதி வேறு

இப்போது பாட்டியின் கேள்விக்கு இரண்டாவது பதில். இதுதான் முக்கியமான பதில்.

பாட்டரி ஒரே நாளில் கெடுவதில்லை. முதல் வருஷம் மூன்று மணி நேரம் வந்தது, பிறகு இரண்டு மணி நேரமாகிறது. அப்புறம் ஒரு மணி. அப்புறம் பத்து நிமிஷம். மெல்ல மெல்லத் தேய்கிறது.

2012-ல் தினமும் கரண்ட் போயிற்று. ஆகவே தேய்வது தினமும் தெரிந்தது. இப்போது பெரும்பாலும் போகிற கரண்ட் ஐந்து நிமிஷத்திலோ பத்து நிமிஷத்திலோ வந்து விடுகிறது. அந்த ஐந்து நிமிஷத்துக்குக் கெட்டுப் போன பாட்டரிகூடத் தாக்குப் பிடித்து விடும். நாமும், "நம் இன்வெர்ட்டர் நன்றாக ஓடுகிறது" என்று நிம்மதியாக இருந்து விடுகிறோம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெருமழை வருகிறது. மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. அன்றுதான் குட்டு வெளிப்படுகிறது. பார்த்தால் உத்தரவாதம் முடிந்திருக்கிறது!

முதலில் சொன்ன வீட்டில் பாட்டரி கெட்டது அந்த மழை இரவில் அல்ல. அதற்குப் பல மாதம் முன்னே, உத்தரவாதம் உயிரோடு இருந்தபோதே அது தேய்ந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. எட்டு வருஷம் உழைத்த பாட்டரியைப் பற்றி யாரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில்லை. 19 நாளில் ஏமாந்த கதையைத்தான் ஊரெல்லாம் சொல்கிறோம். அதனால் எல்லாமே தேதி பார்த்துக் கெடுவதாகத் தோன்றுகிறது.

கார்டைப் படித்துப் பாருங்கள்

வாரண்டி கார்டைப் பத்திரமாக வைக்கிறவர்கள் உண்டு. படிக்கிறவர்கள் குறைவு. படித்தால் என்ன தெரியும்?

"36 + 24 மாதம்" என்று போட்டிருந்தால் 60 மாதமும் இலவசம் என்று எண்ணி விடாதீர்கள். முதல் 36 மாதம்தான் இலவசமாக மாற்றிக் கொடுப்பார்கள். அடுத்த 24 மாதம் புதுப் பாட்டரி வாங்கினால் விலையில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். நாள் ஆக ஆகக் கழிவும் குறையும்.

அந்தக் கழிவு எந்த விலையில் என்று கேளுங்கள். பெட்டியில் அச்சிட்ட விலை 18,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அதில் 25 சதவீதம் கழிவு என்றால் நீங்கள் கொடுப்பது 13,500. ஆனால் அதே பாட்டரியைக் கடையில் எவருக்கும் 14,000 ரூபாய்க்கே கொடுக்கிறார்கள் என்றால்? உங்களுக்குக் கிடைத்த லாபம் 500 ரூபாய்! அதற்காகப் பழைய பாட்டரியையும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதைச் சும்மா போட்டாலே ஈயத்துக்காக நல்ல விலை கிடைத்திருக்கும். ஆகவே இரண்டையும் கணக்குப் பார்த்து, எது லாபமோ அதைச் செய்யுங்கள்.

உத்தரவாத காலத்தில் பாட்டரியை மாற்றிக் கொடுத்தால், புதிய பாட்டரிக்குப் புதிய உத்தரவாதம் கிடைக்கும் என்றும் எண்ணக் கூடாது. பெரும்பாலான கார்டுகளில் பழைய கணக்கில் மிச்சம் உள்ள மாதங்களே தொடரும்.

இன்வெர்ட்டருக்கு ஒரு கார்டு. பாட்டரிக்கு ஒரு கார்டு. இரண்டின் காலமும் வேறு. இரண்டிலும் கடையின் முத்திரையும் விற்ற தேதியும் இருக்க வேண்டும். எண் போட்ட பில் வேண்டும். "பில் வேண்டாம், ஐநூறு குறைத்துத் தருகிறேன்" என்றால் ஏமாறாதீர்கள். அந்த ஐநூறுக்கு உங்கள் உரிமை முழுவதையும் விற்று விடுகிறீர்கள்.

வாங்கும்போது

விதை நெல் வாங்கும் விவசாயி மூட்டையைப் பிரித்துக் கையில் எடுத்துப் பார்ப்பார். பாட்டரி வாங்கும்போதும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

தயாரித்த மாதம் பாட்டரியின் மேல் குறியீடாக இருக்கும். கடைக்காரரைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். பல மாதம் கடையில் சும்மா கிடந்த பாட்டரி, நம் வீட்டுக்கு வரும்போதே பாதி முதுமை அடைந்திருக்கும்.

எடையையும் பாருங்கள். பாட்டரியில் விலை உள்ள பொருள் ஈயம். ஒரே அளவு சொல்லி விற்கும் இரண்டு பாட்டரிகளில் ஒன்று பல கிலோ குறைவாக இருந்தால், குறைந்தது எது என்று கேட்கத் தயங்க வேண்டாம். 36 மாத உத்தரவாதம் உள்ளதும் 60 மாத உத்தரவாதம் உள்ளதும் ஒரே எடை இருப்பதில்லை.

இப்போது லித்தியம் பாட்டரியும் கடைகளுக்கு வந்திருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டாம்; எடை குறைவு. விலை அதிகம். அதையும் கார்டைப் படித்த பிறகே வாங்க வேண்டும்.

வீட்டில்

மாதத்துக்கு ஒரு முறை தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். மிதவையில் பச்சை, சிவப்புக் குறி இருக்கும். குறைந்தால் காய்ச்சி வடித்த பாட்டரித் தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. போர் தண்ணீர் ஆகவே ஆகாது. 'ஆர்.ஓ.' தண்ணீரும் குடிப்பதற்குத்தான். ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரைச் சிலர் பிடித்து ஊற்றுகிறார்கள். அதில் தூசியும் உலோகமும் கலந்திருக்கும். வேண்டாம். அமிலம் ஒருபோதும் ஊற்றக் கூடாது. குறைவது தண்ணீர்தான், அமிலம் அல்ல.

தண்ணீர் ஊற்றும்போது இன்வெர்ட்டரை நிறுத்தி விடுங்கள். பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ கூடாது. சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பற்றக் கூடியது. குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். அமிலம் கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஊருக்குப் போவதானால் பாட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும். புயல் வந்து பல நாள் கரண்ட் வராது என்று தெரிந்தால், கடைசிச் சொட்டு வரை உறிஞ்சாதீர்கள். இரவுக்கு ஒரு விளக்கு, போனுக்குச் சார்ஜ் என்று சிக்கனமாக வைத்துக் கொண்டு, பாதியில் நிறுத்தி விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காரியம். வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது அல்லவா? உத்தரவாதம் என்றைக்கு முடிகிறதோ அதற்கு இரண்டு மாதம் முன்னே உள்ள தேதியில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுங்கள். இனி வரப் போகும் வருஷம் என்றால் பீரோக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள். அன்று முழுச் சார்ஜில் வைத்து, மெயினை அணைத்து விட்டு, மின்விசிறியையும் விளக்கையும் ஓட விடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வாங்கிய புதிதில் வந்த நேரத்தில் பாதி கூட வரவில்லையானால் உடனே கடைக்குப் போங்கள்.

வருஷந்தோறும் ஆவணி மாதம், மழைக்காலத்துக்கு முன்னே இந்தச் சோதனையைச் செய்தால் இன்னும் நல்லது.

கெட்டு விட்டால்?

"சார்ஜ் போட்டுப் பாருங்க, சரியாப் போயிடும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது பல இடங்களில் வழக்கம். இரண்டு முறை, மூன்று முறை அலைய விடுவார்கள். அதற்குள் தேதி முடிந்து விடும்.

இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போய் விடும். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். சோதனை செய்த சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவாத காலத்துக்குள் புகார் பதிவாகி விட்டால், பிறகு தேதி முடிந்தது என்று சொல்வது எளிதல்ல.

அதற்கும் அசையவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கூப்பிட்டுப் புகாரைச் சொல்லலாம்.

அதற்கு மேலே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதலில் 1986-ல் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் இயற்றிய புதிய சட்டம், 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ளது. நீடாமங்கலத்துக்காரர் திருவாரூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கம்பெனி டில்லியில் இருந்தாலும் கவலை இல்லை. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இ-ஜாக்ரிதி என்ற இணையத்தளம் வழியாகவும் மனுப் போடலாம். குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

"உத்தரவாதம் முடிந்த பிறகு கெட்டால்?" என்று கேட்கலாம். சட்டத்தில் 'குறைபாடு' என்ற சொல்லுக்கு உள்ள பொருள் வாரண்டி கார்டோடு நின்று விடவில்லை. பொருளின் தரம் சட்டப்படியோ, விற்றவர் சொன்னபடியோ இல்லாவிட்டாலும் அது குறைபாடுதான். ஆனால் தயாரிப்பிலேயே கோளாறு இருந்தது என்று காட்ட வேண்டும். ஆணையம் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். அந்தச் செலவை மனுதாரர் முதலில் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே வெற்றி நிச்சயம் என்று சொல்ல மாட்டோம். உத்தரவாதத்துக்குள் வாங்கிய புகார் எண் கையில் இருந்தால் பாதி வழக்கு வென்ற மாதிரிதான்.

பாட்டரி வெடித்து ஒருவருக்குக் காயம் ஏற்பட்டாலோ, வீடு தீப்பிடித்தாலோ அது வேறு வழக்கு. குறையுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்குத் தயாரித்தவரும், சில நிலைகளில் விற்றவரும் ஈடு கொடுக்க வேண்டும் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

பழைய பாட்டரியை என்ன செய்வது?

கொல்லைப்புறத்தில் போட்டு வைக்காதீர்கள். உடைத்து ஈயம் எடுக்கிறவர்களிடமும் கொடுக்காதீர்கள். அவர்கள் அமிலத்தை வாய்க்காலில் கொட்டுவார்கள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிந்து வயல்களுக்குப் போகின்றன. அந்தத் தண்ணீரில் ஈயம் கலக்கலாமா? ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம்.

2022-ம் ஆண்டு வந்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஆகவே கடையிலேயே கொடுங்கள். அதற்கு உரிய விலையைப் பில்லில் கழித்து எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று

மறுபடி அந்த வீட்டுக்கு வருவோம்.

புதுப் பாட்டரி வந்து விட்டது. பணம் போனது போனதுதான். ஆனால் இந்தத் தடவை கணவர் கார்டைப் பீரோவில் போட்டுப் பூட்டவில்லை. பத்தாம் வகுப்புப் பெண் அதை வரி வரியாக வாசிக்கிறாள். பாட்டி காது கொடுத்துக் கேட்கிறாள். உத்தரவாதம் முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்னே உள்ள தேதியைக் கணக்குப் போட்டு, பீரோக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுகிறாள் அந்தப் பெண்.

"இப்ப நமக்கும் தேதி தெரியும்!" என்கிறாள் பாட்டி.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்குக் காத்திருப்பது புதிதல்ல. வண்டி வருகிறவரை நின்றுதான் ஆக வேண்டும். ஆனால் பாட்டரி விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. அது கெடும் வரை காத்திருந்தால் நஷ்டம் நமக்கு. தேதிக்கு முன்னே நாம் போனால் நஷ்டம் நமக்கில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லாரும் இருப்பீர்கள். பத்திரிகையை மடித்து வைத்து விட்டு, வாரண்டி கார்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.